எது முதல்ல உடையணும்: மண்டபம் பக்கம் ஒரு காத்துச் சிற்பம் ஒடிஞ்சு திரும்ப நின்ன கதை

ராமநாதபுரம் பக்கம், மண்டபம்ங்கற ஊருக்கும் உச்சிப்புளிக்கும் நடுவுல, வடக்கு கடல் பக்கமா, ஒரு கெஸ்ட் ஹவுஸ் காம்பவுண்டுக்குள்ள ஏழு கம்பம் வரிசையா நிக்குது. ஒவ்வொரு கம்பத்துத் தலையிலயும் ஒரு வெள்ளைத் துடுப்பு. காத்து வந்தா சாயும், காத்து தணிஞ்சா மெதுவா நிமிரும், அவ்வளவுதான் வேலை. மோட்டாரும் கிடையாது கரண்டும் கிடையாது. இத செஞ்சவன் என் ஃப்ரெண்டு, முன்னாடி பெங்களூர்ல ப்ராடக்ட் டிசைனர், இப்போ முழு நேரமும் இந்த மாதிரி அசையுற சிற்பம்தான் பண்றான். பேரு போடாதன்னு சொல்லிட்டான், அதனால டிசைனர்னே எழுதுறேன். முதல் தடவ நட்டது ஒரு ஆடி மாசம் ஒடிஞ்சு போச்சு. ஒரு துடுப்பு பிச்சுக்கிட்டு பறந்து, பக்கத்துல நின்ன ரெண்ட வளைச்சுட்டுப் போய் மதில்ல விழுந்துச்சு. நல்ல வேளை, அந்த நேரம் அங்க யாரும் நிக்கல. ஏன் ஒடிஞ்சுது, திரும்ப எப்படி நட்டாங்கன்னு கணக்கு பாத்துக் குடுத்தவன்ங்கற முறையில முழுசா எழுதி வைக்கலாம்னு தோணுச்சு. கடலோரத்துல அசையுற மாதிரி எதையாவது செய்ய நினைக்கிறவங்களுக்கு உதவும்.

டிசைனர் வேலை பாத்த எடத்துல அவன் கைபட்டதுல பாதி மிக்ஸி. மிக்ஸி ஜாருக்கு அடியில, மோட்டார் தலையில ஒரு கப்ளர் இருக்கும் பாருங்க, பல்லு பல்லா ரப்பரோ பிளாஸ்டிக்கோ. அது தேஞ்சு போச்சுன்னா நாம கம்பெனிய திட்டிட்டு கடையில போய் சின்னக் காசுக்கு ஒண்ணு வாங்கி மாட்டுவோம். ஆனா அது தேயணும்னுதான் வச்சிருக்காங்க, ஜார்ல மஞ்சக் கட்டை மாட்டி பிளேடு நின்னுச்சுன்னா அடி மோட்டாருக்குப் போகாம கப்ளரோட முடிஞ்சுரும். வேலைய ஏன் விட்டான்ங்கறது தனிக் கதை, பெரிய சுவாரஸ்யமும் இல்ல, விட்டுருங்க. ஆனா அந்த கப்ளர் பின்னாடி வரும், ஞாபகம் வச்சுக்கங்க.

இந்த மாதிரி இன்ஜினியரிங் பக்கத்துலேருந்து சிற்பத்துக்கு வர்றது புதுசு இல்ல. காத்துல தொங்கி ஆடுற மொபைல் சிற்பங்களுக்குப் பேர் போன அலெக்சாண்டர் கால்டர் 1919ல மெக்கானிக்கல் இன்ஜினியரிங் டிகிரி வாங்குன ஆளு. ஹாலந்து கடற்கரையில பிளாஸ்டிக் பைப்பால நடக்குற பூதம் மாதிரி உருவங்கள 1990லேருந்து செஞ்சுக்கிட்டிருக்குற தியோ யான்சன் படிச்சது பிசிக்ஸ். நம்ம டிசைனருக்கு குரு மாதிரி இருந்தது ஜார்ஜ் ரிக்கி. நீளமான எஃகு வாள்கள நட்டு நிறுத்தி காத்துக்கு மெதுவா ஆட விட்டவர். அவரோட அப்பா சிங்கர் தையல் மெஷின் கம்பெனியில இன்ஜினியர், தாத்தா கடிகாரம் செய்றவர், ரிக்கி சின்ன வயசுல ஸ்காட்லாந்துல பாய்மரப் படகு ஓட்டி வளந்தவர். காத்தும் எடையும் ரெண்டும் கைக்குள்ள இருந்த ஆளு. யான்சன் வழியில போகலாம், பைப்பு மலிவுன்னு நானும் ஆரம்பத்துல சொன்னேன், அவன் கேக்கல. வயரிங் பைப்ப நம்ம ஊரு வெயில்ல ரெண்டு கோடை போட்டு வச்சா கையாலயே ஒடிக்கலாம்னான். அதுவும் சரிதான்.

குருன்னு இன்னொண்ணும் இருந்துச்சு, அது பாம்பன் பாலம். 1914ல திறந்த பழைய பாலத்துல கப்பலுக்கு வழி விடுற ஷெர்சர் தூக்குப் பகுதிய ஆளுங்க கையால நெம்புகோலச் சுத்தித்தான் தூக்குனாங்க. அவ்வளவு இரும்ப மனுசக் கை எப்படி தூக்குச்சுன்னா, பின்னாடி எதிர் எடை இருந்துச்சு, ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமமா இருந்தா மிச்சம் இருக்குற வித்தியாசத்த மட்டும் தள்ளுனா போதும். 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலத்துல 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி லிஃப்ட் மாதிரி நேரா மேல போகுது, அங்க மோட்டார் இருக்கு, ஆனா எதிர் எடை தத்துவம் அதேதான். காத்துச் சிற்பத்துக்கும் இதுதான் உயிர். துடுப்பு கிட்டத்தட்ட சமநிலையில நிக்கணும், அப்பதான் லேசான காத்தும் அத அசைக்கும்.

இனி அளவு. ஒவ்வொரு துடுப்பும் 2.4 மீட்டர், பைபர் போட் கட்டுற பட்டறையில மோல்ட் எடுத்து பைபர் மேட்டும் ரெசினும் வச்சு செஞ்சது, ஜெல் கோட்ங்கற மேல்பூச்சு வெள்ளை. 4 கிலோ கிட்ட வரும். துடுப்பு ஆடுற அச்சுக்கு மேல 1.6 மீட்டர், கீழ 0.8 மீட்டர். கீழ் முனைக்குள்ள 2 கிலோவுக்குக் கொஞ்சம் மேல ஈயம், வலைக்குக் கட்டுற ஈயக்குண்டுதான், உருக்கி ஊத்தி மேல பைபர் போட்டு மூடியாச்சு. ஈயம் வெளிய தெரியக்கூடாது, பிள்ளைங்க வர்ற எடம். நடுவுல இருக்குற இரும்பு வேலை 2 கிலோ. மொத்தம் 8 கிலோன்னு வச்சுக்கலாம். ஏழுக்கும் ஈயம் கொஞ்சம் கொஞ்சம் மாத்தி வச்சிருக்கான், ஒரே அளவா வச்சா ஏழும் கவாத்து பண்ற மாதிரி சேந்து சாயும், பாக்க சகிக்காது.

கம்பங்கள் எந்தத் திசையில நிக்கணும்ங்கறதுக்கு டிசைனர் போய்க் கேட்டது வெதர் வெப்சைட்ட இல்ல, கரையில வலை பிரிச்சுக்கிட்டிருந்த ஆளுங்கள. இங்க வருசத்துக்கு ரெண்டு பெரிய காத்து. வைகாசி ஆனியிலேருந்து மேக்காலயும் தென்மேக்காலயும் கச்சான் அடிக்கும், ஐப்பசிக்குப் பிறகு வடக்கும் வடகிழக்குமா வாடை. அதனால துடுப்பு தென்மேக்கு வடகிழக்கா ஆடுற மாதிரி வச்சா ஒரே அமைப்பு ரெண்டு சீசனையும் வாங்கிக்கும். நேர் கெழக்கேருந்து கொண்டல் வந்தா மட்டும் அரைகுறையா ஆடும், பரவால்ல.

இந்த அமைப்புல ஒரு அழகு இருக்கு, ஏன் ஒடிஞ்சுதுன்னு புரிய அதுதான் முக்கியம். காத்தோட வேகம் ரெண்டு மடங்கானா அழுத்தம் நாலு மடங்காகும். மணிக்கு 36 கிலோமீட்டர் காத்து ஒரு சதுர மீட்டர்ல சுமார் 6 கிலோ எடை வச்ச மாதிரி அழுத்தும், 72 ஆனா 25 கிலோ. பழைய பாம்பன் பாலத்துல ரயில் ஓடுன காலத்துல காத்து மணிக்கு 58 கிலோமீட்டரத் தாண்டுனா சிக்னல் விழாது, அந்த மாதிரி காத்து இங்க சாதாரணமா வர்றது. ஆனா நம்ம துடுப்பு நிமிந்து நின்னு அத வாங்குறதே இல்ல. காத்து ஏற ஏற அது படுத்துக்கிட்டே போகும், படுக்கப் படுக்க காத்துக்குக் காட்டுற பரப்பு குறையும். 72 கிலோமீட்டர் காத்துல கிட்டத்தட்ட படுத்தே கெடக்கும், காத்து மேலயும் கீழயும் வழுக்கிட்டுப் போயிரும். அதாவது இந்த சிற்பத்தோட பாதுகாப்பே அதோட அசைவுதான்.

முதல் தடவ நட்டப்போ அச்சுல வச்சது சீல் போட்ட 6201 பேரிங், துடுப்புக்கு ரெண்டு. சீலிங் ஃபேன்ல எல்லாம் வர்ற அதே சைஸ், எங்கயும் கிடைக்கும், ரெண்டு பக்கமும் ரப்பர் சீல், உள்ள கிரீஸ். பெங்களூர் மனசுக்கு அது சரியான முடிவுதான், உராய்வு ரொம்ப கம்மி. அந்த வாடை சீசன் முழுக்க அற்புதமா ஆடுச்சு. துடுப்ப ஒரு தடவ தொட்டு விட்டா அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வர 20 செகண்ட். அவ்வளவு மெதுவா ஒரு பொருள் அசையுறத நான் பாத்ததில்ல, கெஸ்ட் ஹவுஸ்க்கு வந்தவங்க சாப்பாட்ட விட்டுட்டு அத வீடியோ எடுத்துக்கிட்டிருந்தாங்க.

மாசி பங்குனியில காத்து அடங்குச்சு. அப்பதான் உள்ளுக்குள்ள வேலை நடந்துச்சு, வெளிய யாருக்கும் தெரியல.

கச்சான் ஏறி ஆடி வந்தப்போ ஒடிஞ்சுது. ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்பாங்க, அதனால எல்லாரும் காத்துமேல பழிய போட்டாங்க. வெல்டிங் சரியில்லன்னாங்க சிலர். எஸ்எஸ், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், போலின்னாங்க சிலர், இந்த கடைசி சந்தேகம் நியாயமானது, மார்க்கெட்ல 304 கிரேடுன்னு சொல்லி நிக்கல் கம்மியான 202 குடுக்குறது ஊரறிஞ்ச விசயம். காரைக்குடி செக்ரிக்கு, அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்துக்கு, மண்டபத்துல துரு பரிசோதனை பண்ண தனியா ஒரு மையமே இருக்குன்னா இந்தக் காத்துல இருக்குற உப்ப பத்தி வேற சொல்ல வேண்டாம். ஆனா பிச்சுக்கிட்டுப் போன மூட்ட வெட்டிப் பாத்தப்போ கதை வேற. வெல்டு ஓரத்துல லேசா பழுப்பு இருந்துச்சு, வெல்டு பண்ணிட்டு கறை எடுக்குற பிக்ளிங் பேஸ்ட் (ஆசிட் பசை) போட்டுக் கழுவல, அது ஒரு குறைதான். ஆனா அரிச்சுத் தின்ன மாதிரி எதுவும் இல்ல, குழாய் கனம் அப்படியே இருந்துச்சு. பேரிங்க திறந்தா உள்ள காப்பித்தூள் மாதிரி துரு.

ஏன்னா இந்த பேரிங் முழுசா சுத்துறதுக்குச் செஞ்சது. சுத்துனாத்தான் உள்ள இருக்குற குண்டுங்க கிரீஸ எல்லா எடத்துக்கும் இழுத்துட்டுப் போகும். நம்ம துடுப்பு முன்ன பின்ன ஆடுது, அடங்குன காலத்துல லேசா நடுங்குது, குண்டு ஒரே எடத்துல தேச்சுத் தேச்சு கிரீஸ ஒதுக்கிருச்சு. அதோட பகல்ல வெயில்ல உள்காத்து விரிஞ்சு வெளிய போகும், ராத்திரி குளுந்து சுருங்குறப்போ சீல் ஓரமா ஈரக்காத்த உள்ள இழுக்கும், இங்க ஈரக்காத்துன்னாலே உப்புதான். சீல் இருக்குன்னு நம்பிக்கிட்டிருந்தோம், அந்த சீலே உள்ள போன உப்பு வெளிய வராம காவல் காத்துச்சு.

பேரிங் முழுசா இறுகியிருந்தாக்கூட இவ்வளவு சேதம் வந்திருக்காது. துடுப்பு நிமிந்தே நின்னு 72 கிலோமீட்டர் காத்த வாங்கியிருந்தா அச்சுல வர்ற திருகு விசை 28 நியூட்டன் மீட்டர் கிட்ட, அந்த வெல்டு அத தூங்கிக்கிட்டே தாங்கும். நடந்தது, விட்டுப் பிடிச்சது. துரு ஒரு எடத்துல பிடிக்கும், காத்து சேத்து வச்சுத் தள்ளும், படக்குனு விட்டுரும், வேகமா வீசி வர்ற 8 கிலோவ அடுத்த துரு திடீர்னு நிறுத்தும். செகண்டுக்கு அரைச் சுத்து வேகத்துல வந்து ஒரு டிகிரிக்குள்ள நின்னா கணக்குல ஆயிரம் நியூட்டன் மீட்டர் வருது. பைபர் வளைஞ்சு குடுக்கும், பாதின்னே வச்சுக்கங்க, அப்பவும் காத்து குடுத்தத விட பதினஞ்சு மடங்குக்கு மேல. இந்த அடி எத்தன தடவ விழுந்துச்சோ, வெல்டு ஓரத்துல கீறல் விட்டு, ஒரு நாள் போச்சு.

கணக்க காட்டுனதும் டிசைனர் ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சொன்னான், மிக்ஸியா இருந்தா முதல் நாளே கேட்டிருப்பேன்டா, ஜாம் ஆனா எது உடையணும்னு. சிற்பம்னதும் எதுவும் உடையக்கூடாதுன்னு நினைச்சிட்டேன்.

என் பார்வையில மொத்த கேஸும் இதுதான். டிசைனரா இருந்தவன் ஆர்ட்டிஸ்ட் ஆனதும் பழைய பழக்கத்தையெல்லாம் கழட்டி வைக்கணும்னு ஒரு நினைப்பு இருக்கு, கலைன்னா கணக்கு பாக்கக்கூடாதுங்கற மாதிரி. எது முதல்ல உடையணும், உடைஞ்சா யாரு, எங்கேருந்து, எந்த ஸ்பேனர எடுத்துட்டு வந்து மாத்துவாங்க, இந்த ரெண்டு கேள்விய மட்டும் கழட்டவே கூடாது. அதுவும் பக்கத்துல பெரிய ஊருன்னா ராமநாதபுரம்ங்கற எடத்துல.

மாத்துனது என்னன்னா, முதல்ல பேரிங்கையே தூக்கியாச்சு. அதுக்குப் பதிலா அச்சா 12 மில்லிமீட்டர் எஸ்எஸ் 316 பின் கம்பி, அதச் சுத்தி குழாய்த் துண்டு மாதிரி பிளாஸ்டிக் புஷ். 316ல மாலிப்டினம் 2லேருந்து 3 சதவீதம் இருக்கும், உப்புக்கு அதுதான் தாங்கும். காந்தம் வச்சுப் பாத்து இது 316ன்னு சொல்றவங்கள நம்பாதீங்க, சொட்டு மருந்து மாதிரி ஒரு டெஸ்ட் திரவம் விக்கிது, சின்ன பேட்டரியோட, மாலிப்டினம் இருந்தா நிறம் மாறும், மதுரையில வாங்குறப்போ கடையிலயே வச்சுப் பாத்துருங்க. புஷ்ஷுக்கு லேத் பட்டறை அண்ணன் நைலான்ல கடைஞ்சு தர்றேன் தம்பின்னாரு. நைலான் தண்ணிய குடிச்சு ஊதும், ஓட்டை சுருங்கும், பின் கம்பிய இறுக்கிரும், அதனால வேண்டாம்ணேன்னு சொல்லி டெல்ரின்ங்கற வேற பிளாஸ்டிக் ராடு வரவழைச்சுக் குடுத்தோம். பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவுல தாராளமா இடைவெளி, கிரீஸ் கிடையாது. கிரீஸ் போட்டா மணல் ஒட்டும். உப்பு உள்ள போகும், மழை வந்தா கழுவிட்டு வெளிய வரும், அதுதான் ஐடியா, எதையும் உள்ள அடைச்சு வைக்கல.

இதுக்கு ஒரு விலை குடுத்தான். புஷ்ல உராய்வு ஜாஸ்தி. துடுப்பு 20 செகண்ட் ஆடணும்னா அதோட எடை மையம் அச்சுக்கு வெறும் 5 மில்லிமீட்டர் கீழ இருக்கணும், அந்த மெல்லிய சமநிலையில புஷ் உராய்வு சேந்தா துடுப்பு நிமிரவே நிமிராது, 14 டிகிரி வரைக்கும் சாஞ்ச எடத்துலயே நின்னுரும், ஏழும் ஏழு கோணத்துல, போதையில நிக்கிற மாதிரி. ஈயத்தக் கூட்டி எடை மையத்த 20 மில்லிமீட்டருக்கு இறக்குனா ஒழுங்கா நிமிருது, மூணு நாலு டிகிரிக்குள்ள வந்துரும், ஆனா ஆட்டம் 10 செகண்ட் ஆயிருச்சு. பின் கம்பிய இன்னும் சன்னமா போட்டா உராய்வுத் திருகு குறையும், ஆனா வளையும். அங்கயும் இங்கயுமா இழுத்துப் பாத்து கடைசியில 10க்கு ஒத்துக்கிட்டான். 20 செகண்ட் ஆட்டம் போனது எனக்கும் வருத்தம்தான், மறைக்க விரும்பல. முன்னாடி அது மூச்சு விடுற மாதிரி இருந்துச்சு, இப்ப நல்லா ஆடுது, அவ்வளவுதான்.

அடுத்தது கப்ளர். துடுப்பும் மூட்டும் முன்னாடி ஒரே பிடிப்பா இருந்துச்சு. இப்ப நடுவுல ஒரு எஸ்எஸ் போல்ட், அதுலேருந்து 5 செண்டிமீட்டர் தள்ளி ஒரே ஒரு நைலான் போல்ட், 6 மில்லிமீட்டர். சாதாரண காத்துக்கு அது தாங்கும். அச்சு இறுகி திடீர் அடி வந்தா கணக்குப்படி 60 நியூட்டன் மீட்டர் கிட்ட நைலான் வெட்டிரும். வெட்டுனதும் துடுப்பு நடு போல்ட்ட சுத்தி லூசா சாஞ்சுக்கும், பறக்காது, அதோட காத்துக்குப் படுத்தும் குடுக்கும், அதாவது உடைஞ்ச பிறகும் பாதுகாப்பு வேலை செய்யுது. சாயுற எல்லையில முட்டாம இருக்க பழைய டயர் துண்டு, போட்டுல ஓரத்துக்குக் கட்டுற அதே டயர்தான். போல்ட்ட இன்ஜின் மெக்கானிக் ஸ்பேனருக்கு வர்ற சைஸா பாத்துப் போட்டிருக்கான், ஆலன் கீ வேணும்ங்கற எதுவும் இல்ல. துடுப்போட பைபர் உரிஞ்சா பாம்பன்லயோ தங்கச்சிமடத்துலயோ பைபர் வேலை தெரிஞ்ச யாரும் ஒட்டிக் குடுப்பாங்க.

வருசாந்திர சர்வீஸ் எப்பங்கறதுல ஒரு வேடிக்கை. டிசைனர் போட்ட முதல் பிளான், மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14, 61 நாள். விசைப்படகு எல்லாம் கரையில நிக்கும், மெக்கானிக்குங்க சும்மா இருப்பாங்கன்னு நினைச்சான். சும்மாவா, வருசத்துலயே பட்டறையில நிக்க எடம் இல்லாத காலம் அதுதான், எல்லா போட்டையும் மேல ஏத்தி இன்ஜின் இறக்குறது, பலகை மாத்துறது, பெயிண்ட் அடிக்கிறது எல்லாம் அந்த ரெண்டு மாசத்துல. லேத் அண்ணன் சிரிச்சுட்டே சொல்லிட்டாரு, தம்பி, பங்குனியில கொண்டு வாங்க. காத்தும் அப்ப அடங்கியிருக்கும், கழட்டி மாட்ட வசதி, கச்சானுக்கு முன்னாடி வேலை முடிஞ்சுரும். புஷ் 14, நைலான் போல்ட் ஒரு டப்பா, ரெண்டு ஸ்பேர் பின், எப்படி மாத்துறதுன்னு படம் போட்ட ஒரு தாள், எல்லாம் கெஸ்ட் ஹவுஸ் ஸ்டோர் ரூம்ல இருக்கு. வாட்ச்மேன் ஒரு நைலான் போல்ட்ட தானே மாத்திட்டு ஃபோன் பண்ணி சொன்னாரு, டிசைனருக்கு அன்னிக்கு அவார்டு வாங்குன மாதிரி சந்தோசம்.

செலவுல பெரும்பங்கு 316க்கும் பைபருக்கும்தான் போச்சு, புஷ்ஷும் நைலான் போல்ட்டும் சில்லறை. சின்ன தலைவலி ஒண்ணு பாக்கி, மழை இல்லாத நாள்ல புஷ் கீச்சுங்குது. நல்ல தண்ணி ஊத்துனா நின்னுரும். ஓனருக்கு அது புடிக்கல, பெட்ரூம் ஜன்னலுக்கு நேரா இருக்குற ரெண்டு கம்பத்துக்கு மட்டும் தோட்டத்துக்குத் தண்ணி விடுறப்போ குழாய காட்டச் சொல்லியிருக்கு.

இப்ப தனுஷ்கோடி ரோட்டுப் பக்கம் ஒருத்தர் இதே மாதிரி கேட்டிருக்காரு. அங்க உப்ப விட மணல்தான் பிரச்சன, கச்சான்ல மணல் தரையோட தரையா பறந்து ஜெல் கோட்ட உப்புத்தாள் போட்ட மாதிரி தேச்சுரும், புஷ்ஷுக்குள்ள போனா பின் கம்பியையும் அரம் போடும். அதனால டிசைனர் நாலு விதமான புஷ்ஷ பின்னோட மாட்டி ஒரு சின்னக் கம்பத்துல அங்கயே கட்டித் தொங்க விட்டிருக்கான், ஒரு வாடையும் ஒரு கச்சானும் தாண்டட்டும், கழட்டி அளந்து பாத்துட்டுத்தான் அட்வான்ஸ் வாங்குவேன்னு சொல்லிட்டான்.